அடிக்கு முக்கால் இஞ்ச் பீரங்கி

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் ஏழு மாத வயிற்றோடு என் பக்கத்தில் நின்ற சரோஜாவைப் பார்த்தார். அப்புறம் எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் கிடந்த சாக்கு மூட்டையைப் பார்த்தார். மூட்டையிலிருந்து ஒரு குழாய் அவரை நோக்கி நீண்டிருந்தது.

“இன்னாபா இது?”

“பீரங்கி வண்டி சார்.”

“ஆயுத பூஜை அன்னிக்கி காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?”

“அவரு குடிக்க மாட்டாரு சார்,” என்றாள் சரோஜா. “நெசமாவே பீரங்கி வண்டிதான்.”

என் மனைவி எனக்கு ஆதரவாகப் பேசினால் விஷயம் இன்னும் மோசமாகும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர் எழுந்து வெளியே வந்தார். சாக்கை விலக்கி உள்ளே பார்த்தார்.

“பட்டாள டேங்கியா?”

“டேங்கி இல்ல சார். டேங்கிக்குக் கூரை இருக்கும்.”

மூட்டையைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தவர், பாதியிலேயே நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். லக்கேஜ் சீட்டில் ‘இரும்புச் சாமான், ஒன்று’ என்று எழுதினார்.

அந்த இரும்புச் சாமானைக் கடம்பத்தூரில் இருக்கும் என் மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவர் என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நின்றுபோன பேச்சு என்று சொல்ல முடியாது. ஆரம்பிக்கவே இல்லை.

கேட்டு

மாமனார் பெயர் முனுசாமி. பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே பெண் சரோஜா. திருவள்ளூரில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளத் தினமும் ரயிலில் வருவாள். நான் அப்போது திருவள்ளூரில் ஒரு பட்டறையில் தச்சு வேலை பார்த்தேன். அவள் வரும் ரயிலுக்கும் எனக்கும் எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் அந்த நேரத்துக்கு நான் தினமும் பிளாட்பாரத்தில் இருப்பேன்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். என் பெயர் தேவசகாயம். என் அப்பாவும் அவர் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். மாமனார் சம்மதிக்காததற்குக் காரணம் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை, என் பெயரிலேயே எல்லாம் இருந்தது.

கல்யாணமான அன்றைக்கே ஆசீர்வாதம் வாங்கப் போனோம். பட்டாளத்துக்காரர், துப்பாக்கி எடுப்பார் என்று எதிர்பார்த்து, எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் எழுந்து வந்து கேட்டைச் சாத்தினார். அவ்வளவுதான். இரண்டு வருஷம் அது சாத்தியே இருந்தது.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு வார்ப்படக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். டிரங்க் ரோட்டை ஒட்டி அப்போதுதான் ஒன்றிரண்டு கம்பெனிக் கொட்டகைகள் முளைத்திருந்தன. பாகிஸ்தான் சண்டை முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். குண்டு வீச்சுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தைச் சில வீடுகளில் இன்னும் கிழிக்கவில்லை.

சரோஜாவுக்கு ஏழாம் மாதம் வந்தது. அவள் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை.

“மொதோ கொயந்த. எங்கம்மா ஊட்லதான் பொறக்கணும்,” என்றாள்.

என் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. என் அம்மா இறந்து வெகு காலம். நான் சமைத்தால் சாதத்தை வைத்துச் சுவர் பூசலாம். போன வாரம் இதே பத்திரிகையில் அதைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி தன் இரங்கலைத் தெரிவித்திருந்தார். நன்றி.

சரோஜாவின் அம்மா மட்டும் அமாவாசைக்கு அமாவாசை திருவள்ளூர் கோயில் குளத்துப் படியில் எங்களைத் திருட்டுத்தனமாகச் சந்திப்பார். அந்த மாதம் பெண்ணின் வயிற்றைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“ஆயுத பூஜை அன்னிக்கி வாங்க. அன்னிக்கி ஒருநாள்தான் அந்த மனுசன் மெத்துனு இருப்பாரு.”

“ஏன் அத்த?”

“பூஜையில வெக்க ஒண்ணும் இல்லாம உக்காந்திருப்பாரு. பாவமா இருக்கும்.”

சுரைக்காய்

ரயிலில் திரும்பும்போது சரோஜா விளக்கினாள்.

அவர் படையில் ஆயுத பூஜை என்றால் பீரங்கியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, குழலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்களாம். பீரங்கிக்காரனுக்குப் பீரங்கிதான் சாமி. கொடியைக்கூட அப்புறம்தான் கும்பிடுவான். ஊருக்கு வந்த பிறகு அந்த நாளில் அவர் முகம் மழித்து, பெட்டி போட்ட காக்கி பேன்ட் மாட்டிக்கொண்டு உட்காருவார். எதிரில் ஒரு மண்வெட்டி, ஒரு டார்ச் லைட், ஒரு சைக்கிள் பம்ப்.

“பம்புக்குச் சந்தனம் வெக்கும்போது எங்க நைனா மூஞ்சிய நீ பாக்கணும்,” என்றாள்.

என் வாய் அப்போது சும்மா இருந்திருக்கலாம்.

“நான் ஒரு பீரங்கி செஞ்சு தரேன்.”

நான் பேட்டர்ன் தச்சன். இரும்பில் எதை வார்க்க வேண்டுமோ அதை முதலில் மரத்தில் அச்சு அசலாகச் செய்ய வேண்டும். அதை மணலில் புதைத்து இடித்து, உருவி எடுத்தால், உள்ளே ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். தண்ணீர் பம்ப் உடம்பு, மூடி, புல்லி, எதுவானாலும் செய்வேன். நான் செய்ததில் பாதி மணலைவிட்டு வராது. மீதி வரும்போது மணலையும் கூட்டிக்கொண்டு வரும்.

மாமனார் ஓட்டியது சாதாரணப் பீரங்கி இல்லை. டேங்கி மாதிரி சங்கிலிச் சக்கரத்தில் தானே ஓடும் வண்டி. மேலே திறந்த தொட்டி, தொட்டிக்குள் பீரங்கி, அதைச் சுற்றி ஆட்கள். அதற்கு ஒரே ஒரு போட்டோ இருந்தது. வண்டிக்கு முன்னால் மாமனாரும் ஆறு பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். வண்டி இருப்பதை நம்பித்தான் ஆக வேண்டும்.

ஆனால் சரோஜா இருந்தாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் லீவில் வருவாராம். தோட்டத்தில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, வண்டியை முழு அளவில் தரையில் போடுவாராம். மகள்தான் குண்டு எடுத்துக் கொடுக்கும் ஆள். குண்டுக்குச் சுரைக்காய்.

“இங்க நைனா. இங்க நானு. ‘லோடு!’ன்னு கத்துவாரு. நான் சொரக்காயக் குடுக்கணும். லேட்டானா திரும்ப மொதல்லேர்ந்து.”

“சொரக்கா என்னாவும்?”

“சாயங்காலம் கூட்டு.”

சரோஜா எங்கள் வீட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் வண்டியைப் போட்டாள். ஒரு அடிக்கு முக்கால் இஞ்ச் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். ஒன்றே கால் அடி நீளத்துக்கு வந்தது.

சாய்வு

ஷிப்ட் முடிந்த பிறகு கம்பெனியிலேயே வேலை செய்தேன். உடம்புக்குத் தேக்கு. சக்கரங்களையும் குழலையும் லேத் வேலை பார்க்கும் கண்ணையா அண்ணன் இரும்பில் கடைந்து தந்தார். ஆரம்பாக்கத்துக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து திட்டுவார். சங்கிலிக்குப் பழைய சைக்கிள் செயின் இரண்டு.

முதல் முறை வண்டிக்கு நான் கூரை வைத்துவிட்டேன். பார்க்க நன்றாக இருந்தது. சரோஜா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள்.

“கூர இன்னாத்துக்கு?”

“மழை வந்தா?”

“கூர வெச்சா டேங்கி. எங்க நைனா மூஞ்சில முழிக்க முடியாது. எடு.”

எடுத்தேன். பக்கப் பலகைகள் நேராக நிற்க வேண்டும் என்றாள். அது மட்டும் என்னால் முடியவில்லை. பேட்டர்ன் தச்சனுக்கு எதையும் நேராக நிறுத்த வராது. மணலிலிருந்து சுலபமாக வர வேண்டும் என்பதற்காக எல்லாப் பக்கமும் கொஞ்சம் சாய்த்துத்தான் கை போகும். எங்கள் வீட்டு ஸ்டூலே எந்த நேரமும் மணலைவிட்டு வரத் தயாரான மாதிரிதான் நிற்கும்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் எல்லாம் முடிந்தது. சக்கரங்களை மாட்டினோம். செயினைச் சுற்றினோம். இரண்டு முனைகளும் கைகுலுக்க வந்து, குலுக்காமல் நின்றன. அரை விரல் இடைவெளி. ஒரு ஜோடி கண்ணி சேர்த்தால் அவிழ்ந்த வேட்டி மாதிரி தொங்கியது.

கண்ணையா அண்ணன் தன் சக்கரங்களை அளந்தார். சரியாக இருந்தன. நான் என் உடம்பை அளந்தேன். சரியாக இருந்தது.

“ரெண்டும் சரின்னா எப்டி தம்பி தப்பாவும்?” என்றார். பதில் தெரியாதபோது நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். சக்கரங்களைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன், மர உடம்பைப் பெஞ்சின் மேல் வைத்தேன், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

பெஞ்சு மேல கீது

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். வாசலை ஒட்டிய நீளப் பெஞ்சின் மேல் காலையில் எந்தப் பேட்டர்ன் இருக்கிறதோ, அதுதான் அன்றைய வேலை. யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் பூஜைக்கு முந்தின நாள். மதியத்துக்குள் உலையை அணைத்துவிட்டுக் கூடத்தைக் கழுவ வேண்டும். எல்லாரும் பறந்துகொண்டிருந்தார்கள். நான் வண்ண டப்பா வாங்கிக்கொண்டு தாமதமாகப் போனேன். பெஞ்சு காலி. மணல் வேலைக்காரர்களின் தலைவர் பெருமாள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பெருமாளண்ணே, இங்க ஒரு மர வண்டி இருந்துச்சே?”

“பெஞ்சு மேல கீதேன்னு ஊத்திட்டேன்.”

“ஊத்திட்டீங்களா?”

“இன்னா பேட்டர்ன்டா அது? கட்ட வண்டித் தொட்டியா? ஒண்ணு சொல்றேன் சகாயம். நீ இந்தக் கம்பெனில சேந்ததுலேர்ந்து மணல்லேர்ந்து சுத்தமா வந்தது அது ஒண்ணுதான்.”

நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. அனுபவிக்கும் நிலையில் நான் இல்லை. மர உடம்பு மூலையில் கிடந்தது. மணலிலிருந்து உருவ நடுவில் ஆணி அடித்து இழுத்ததில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தது.

மதியம் மணலை உடைத்தார்கள். உள்ளே பீரங்கி வண்டியின் உடம்பு, சாம்பல் நிறத்தில், இன்னும் சூடாக. மரத்தை யாராவது வீணாக உள்ளே குடைவார்களா? அடிப்பக்கத்தை நான் கட்டியாக விட்டிருந்தேன். அதனால் இரும்பும் கட்டியாக வந்தது. இருவர் சேர்ந்து தூக்கி லேத் பக்கம் வைத்தோம். நாற்பது கிலோவுக்குக் குறையாது.

“சரோஜாகிட்ட இன்னான்னு சொல்றது?” என்றேன். உண்மையில் எனக்கு அழுகை வந்தது. தூசி நிறைந்த இடம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

கண்ணையா அண்ணன் துளை போட்டார். சக்கரங்களை மாட்டினார். செயினைச் சுற்றினார். இரண்டு முனைகளும் சேர்ந்து ‘டிக்’ என்று பூட்டிக்கொண்டன.

அவர் என்னைப் பார்த்தார். “ஒன் ஸ்கேலக் குடு.”

கொடுத்தேன். பார்த்தார். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்.

இரும்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு தனி ஸ்கேல் உண்டு. அதில் ஒரு அடி என்பது உண்மையான ஒரு அடியைவிடத் துளி நீளம். சுருங்கிய பிறகு சரியாக இருக்கட்டும் என்று. வார்க்கவே போகாத ஒரு பொம்மையை நான் அந்த ஸ்கேலில் அளந்து செய்திருக்கிறேன். பெருமாள் தவறுதலாக வார்த்ததால் அது சுருங்கிச் சரியாகிவிட்டது. இரண்டு முட்டாள்தனம் சேர்ந்து ஒரு வேலை ஒழுங்காக முடிந்ததை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

பேசின் பிரிட்ஜ் வழியாக

கும்மிடிப்பூண்டியிலிருந்து கடம்பத்தூருக்கு நேர் ரயில் கிடையாது. பேசின் பிரிட்ஜில் இறங்கி அரக்கோணம் போகிற வண்டியில் மாற வேண்டும். நேராகக் கோடு போட்டால் பக்கம்தான். ரயில்வேக்காரர்களிடம் அந்தக் கோடு இல்லை.

மீஞ்சூரில் மீன் கூடைகளோடு ஏறிய ஒரு அம்மா மூட்டையின் மேல் உட்காரப் பார்த்தார்.

“அம்மா, அது பீரங்கிம்மா.”

“வெடிக்குமா?”

“வெடிக்காது.”

“அப்ப தள்ளு,” என்று உட்கார்ந்தார். சரோஜாவின் வயிற்றைப் பார்த்தார். “எத்தினி மாசம்? எங்க போறே?”

“ஏழு. அம்மா ஊட்டுக்கு.”

எல்லாம் முடிவாகிவிட்ட மாதிரி ‘அம்மா ஊட்டுக்கு’ என்றாள். கேட்டு திறக்காவிட்டால் அதே வயிற்றோடு அதே இரண்டு ரயிலில் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நாற்பது கிலோ இரும்பையும்.

பேசின் பிரிட்ஜில் இரும்பைப் பிளாட்பாரம் மாற்றிய கதையை எழுத மாட்டேன். என் இடுப்பு இன்றும் வாரத்துக்கு ஒரு முறை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சேறு

கடம்பத்தூரில் இறங்கும்போது மேகம் கறுத்திருந்தது. இனிமேல் தூக்க என்னால் முடியாது என்று சரோஜாவிடம் சொன்னேன். அவள் சாக்கை அவிழ்த்தாள். கயிற்றை வண்டியின் முன் கொக்கியில் கட்டி என் கையில் கொடுத்தாள்.

“அது வண்டிதானே. இழு.”

இழுத்தேன். உருண்டது. கண்ணையா அண்ணனின் சக்கரங்கள் அல்லவா? கறகறவென்று செயின் சத்தத்தோடு, கடம்பத்தூர்த் தெருவில், பெரிய ஆள் ஒருவன் கயிறு கட்டி ஒரு பீரங்கியை இழுத்துக்கொண்டு போக, பின்னால் கர்ப்பிணி ஒருத்தி நடந்தாள். மாவு மில் வாசலில் ஒருவர் “மாப்ளே, பாகிஸ்தான் அந்தப் பக்கம்பா!” என்று கை காட்டினார். நான் நன்றி சொன்னேன்.

மாமனார் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வருவதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. களிமண் தெரு. வண்டி சறுக்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது, சங்கிலி மூழ்கும்வரை இறங்கி நின்றுவிட்டது.

கேட்டுக்குள்ளே, கதவு நிலையில், காக்கி பேன்ட்டில் அவர் நின்றிருந்தார். பின்னால் அத்தை. அவர் மகளைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை ஒரு அடி முன்னால் வந்தார். மாமனார் கையை நீட்டி நிறுத்தினார்.

“நைனா,” என்றாள் சரோஜா. மழையில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் கயிற்றைப் பலமாக இழுத்தேன். வண்டி இன்னும் இறங்கியது. குழலின் முனை சேற்றை நோக்கிக் குனிந்தது. மறுபடி இழுத்தேன்.

“டேய்!”

நிமிர்ந்தேன்.

“இழுக்காதடா! இழுத்தா இன்னும் முழுகும். குழாய் வாய்ல சேறு பூந்துக்கினு கீது பாரு, கண்ணு தெரில?”

கேட்டு திறந்திருந்தது. எப்போது திறந்தார் என்று பார்க்கவில்லை. அவர் வெறுங்காலோடு மழையில் வந்துகொண்டிருந்தார்.

“கவுத்தக் கீழ போடு. அந்தப் பலகய எடு. அது இல்லடா, மாட்டுக் கொட்டாய்ல சாச்சிக் கீது பாரு, அது! ஓடு!”

ஓடினேன். அவர் சேற்றில் மண்டியிட்டு, தன் தோள் துண்டால் குழலின் வாயை மூடிக் கட்டினார். சங்கிலிக்கு முன்னால் கையாலேயே மண்ணைப் பறித்தார். பலகையைச் சொருகினோம்.

“நான் சொன்னப்புறம் தள்ளு. முன்னாடி தள்ளினா கால ஒடிப்பேன். ரெடி... தள்ளு!”

தள்ளினேன். அவரும் தள்ளினார். மரத்தில் செய்திருந்தால் ஒற்றைக் கையால் எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்திருப்பார். இது இருவர் இல்லாமல் அசையாது. பலகை மேல் ஏறியது, கறகறத்தது, கேட்டைத் தாண்டி முற்றத்தில் போய் நின்றது. நானும் பின்னாலேயே உள்ளே இருந்தேன். சரோஜாவை அதற்குள் அத்தை சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் வண்டியைத் துடைத்தார். எண்ணெய் போட்டார். குழலுக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்சம் அதிக நேரம் நின்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

“பக்கம் ஏன் சாஞ்சிக் கீது?”

“மணல்லேர்ந்து சுலபமா வர்றதுக்கு மாமா.”

அவர் சாய்ந்த பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

“எங்க வண்டி எந்தக் காலத்துல மணல்லேர்ந்து சுலபமா வந்துச்சு? ராஜஸ்தான்ல ஒரு நாள் பூரா தோண்டினோம்.”

அத்தை ஒரு தட்டில் பொரியும் கடலையும் வைத்துவிட்டுப் போனார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். மழை விட்டது. அவர் கடலையைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

“பட்டணம் போற வண்டி எத்தினி மணிக்கு?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். சாமி கும்பிட்டாயிற்று, பொரி தின்றாயிற்று. “ஆறு மணிக்கு ஒண்ணு இருக்கு மாமா,” என்றேன். எழுந்தேன். “சரோஜா, கெளம்பலாமா?”

“அவள எதுக்குக் கூப்புட்றே?”

“இல்ல, வண்டிக்கு...”

“அறிவு கீதா ஒனக்கு? ஏழு மாசப் புள்ளத்தாச்சிய ரெண்டு வண்டி மாத்தி, மழைல நடக்கவுட்டு இட்டுகினு வந்தியே, அதுவே தப்பு. திரும்பி வேற இட்டுகினு போவியா? வேலைக்குப் போறவன் நீ போ. ஞாயித்துக்கெழம வா.”

இரண்டு வருஷத்தில் என்னைத் திட்ட அவருக்குக் கிடைத்த முதல் நியாயமான காரணம். கைகட்டி நின்று முழுக்கக் கேட்டுக்கொண்டேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. முன்பைவிட அதிகமாக.

ஆறு மணி வண்டி காலியாக இருந்தது. உட்கார நிறைய இடம். எனக்கு என்னவோ உட்காரத் தோன்றவில்லை. பேசின் பிரிட்ஜ் வரைக்கும் கதவோரம் நின்றுகொண்டே போனேன்.